ரூட் இரண்டும் ஒரு மெனு கார்டும்



போன வாரம் நான் ஒரு ஹோட்டல் மெனு கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் படத்தைப் போட்டிருந்தேன். "சார், ஹோட்டல் ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று பத்துப் பேராவது கேட்டுவிட்டீர்கள். இல்லையப்பா. பென்ஷன் வாங்குகிற கணக்கு வாத்தியாருக்கு அந்தத் துணிச்சல் எங்கே வரும்! ஆனால் அந்த அட்டைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. கொஞ்சம் நீளம்தான். அதில் என் தவறும் இருப்பதால் சுருக்கிச் சொல்ல மனம் வரவில்லை.

கடை என் மாணவன் ஒருவனுடையது. 1994-இல் ஒன்பதாம் வகுப்பு. கூடப் படித்தவர்கள் யாரென்று கண்டுபிடித்துவிடுவீர்கள். தயவுசெய்து கமெண்டில் பெயரைப் போடாதீர்கள். எழுதட்டுமா என்று அவனிடம் கேட்டேன். "எழுதுங்க சார், பேரு மட்டும் வேண்டாம்" என்றான். திருப்பூரில் பல வருடம் வேலை பார்த்துச் சேர்த்த பணம், அதற்கு மேல் அம்மாவின் நகையை அடகு வைத்த பணம், எல்லாம் சேர்த்து கோவில்பட்டிப் பக்கம் நான்குவழிச் சாலையை ஒட்டி ஒரு கடை போட்டான். 12 மேசை. பரோட்டா, ஆம்லெட், பிரியாணி எல்லாம் உண்டு. ஆனால் அவன் கடை போட்டதே அதற்காக இல்லை. அவனுடைய அம்மா கைப்பக்குவத்துக்காக. கம்பு தோசை, உளுந்தங்களி, குதிரைவாலிச் சோறு, கருவாட்டுக் குழம்பு. நம் கரிசல்காட்டுச் சாப்பாடு. ரோட்டில் போகிறவன் நிறுத்தி இறங்கிச் சாப்பிடுவான் என்பது அவன் நம்பிக்கை.

மெனு கார்டு அடிப்பதற்கு முன்னால் என்னிடம் வந்தான். "சார், எழுத்துப் பிழை இல்லாம நீங்க பாத்துக் குடுங்க." எனக்குப் பெருமை தாங்கவில்லை. டிசைன் செய்த பையன் வாட்ஸப்பில் அனுப்பினான். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். "உழுந்தங்களி" என்றிருந்ததை "உளுந்தங்களி" ஆக்கினேன். புரோட்டாவா பரோட்டாவா என்று பஞ்சாயத்து வைத்தேன். (பரோட்டா ஜெயித்தது.) ஓரிடத்தில் கொம்பும் காலும் இடம் மாறி "கொத்து" என்பது படிக்க முடியாத ஏதோவாக ஆகியிருந்தது. யுனிகோடில் அடித்ததைப் பழைய டிடிபி எழுத்துருவுக்கு மாற்றும்போது வருகிற வழக்கமான வியாதி அது. அதையும் பிடித்தேன். எழுத்துச் சின்னதாகத் தெரிந்த இடங்களில் இரண்டு விரலை வைத்துப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சடிக்கப் போன இடத்திலிருந்து போன் செய்தான்.

"சார், நாம ஏ4 அளவுல போட்டிருக்கோம். ஏ5-ல அடிச்சா செலவு ரொம்பக் குறையுமாம். வேற ஆளுங்க வேலையோட சேத்து ஒரே பிளேட்டுல அடிக்கிறதால ஆயிரம் கார்டே சல்லிசா வருது. டிசைன் அப்படியே இருக்கும், ஒண்ணும் மாறாதுங்கிறாங்க. போடலாமா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஆனால் எனக்குள் இருந்த கணக்கு வாத்தியார் முந்திக்கொண்டார். "தாராளமாப் போடுப்பா. ஏ4-க்கும் ஏ5-க்கும் விகிதம் ஒண்ணுதான், ஒன்றுக்கு ரூட் இரண்டு. அதான் டிசைன் மாறாது" என்று ஆரம்பித்து, கடைக்குக் கையில் காசில்லாமல் நிற்கிறவனுக்குப் பத்து நிமிடம் பாடம் எடுத்தேன். லிஷ்டன்பர்க் என்ற ஜெர்மன் பேராசிரியர் 1786-இலேயே ஒரு கடிதத்தில் இந்த விகிதத்தைப் பற்றி எழுதியது, ஜெர்மனியில் 1922-இல் அதைத் தரமாக்கியது, ஏ0 தாள் சரியாக ஒரு சதுர மீட்டர், அதைப் பாதி பாதியாக நான்கு முறை மடித்தால் ஏ4, எல்லாம் சொன்னேன். "சரிங்க சார், சரிங்க சார்" என்று கேட்டுக்கொண்டான். பாவம்.

சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். ஏ4-ஐ ஏ5 ஆக்கினால் நீளமும் அகலமும் ரூட் இரண்டால் வகுபடும். அதாவது எல்லாமே 0.707 மடங்கு ஆகும். எழுத்தும் அதில் அடக்கம். 12 பாயிண்டில் இருந்த பெயர்கள் 8.5 ஆகும். அந்தப் பெயருக்குக் கீழே "நாட்டுக் கம்பு, சின்ன வெங்காயம் சேர்த்தது" என்று 9 பாயிண்டில் இருந்த விளக்கம் 6.4 ஆகும். ஒரு பாயிண்ட் என்பது 0.35 மில்லிமீட்டர். மீதியை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். விகிதம் மாறாததுதான் இதில் ஆபத்தே. விகிதம் மாறியிருந்தால் படம் கோணலாகி, யாராவது கவனித்திருப்போம். ஒன்றும் மாறாததால் ஒருவருக்கும் தெரியவில்லை. 34 வருடம் இந்த ரூட் இரண்டைப் பலகையில் எழுதியவன் நான்.

திறப்பு விழா அன்று சாயங்காலம் போனேன். வாழை மரம், பாட்டு, கூட்டம். உள்ளே அழகுக்காக மஞ்சள் விளக்குகளைத் தொங்கவிட்டிருந்தான். கார்டு சந்தன நிறம், எழுத்து காப்பிக் கொட்டை நிறம். போன் திரையில் எவ்வளவு லட்சணமாக இருந்தது! அந்த மஞ்சள் வெளிச்சத்தில் எழுத்தும் தாளும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. போதாததற்கு பளபள கிளாஸ் லேமினேஷன் வேறு. எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒரு பல்பு அதில் தெரிகிறது.

கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தேன். கார்டை எடுத்தேன். ஒரு நாள் முழுக்க நான் திருத்திய கார்டு. என்னால் படிக்க முடியவில்லை.

என் வயதுக்கு அப்படித்தான் என்று நினைத்துச் சுற்றிப் பார்த்தேன். எதிர் மேசையில் ஐம்பதைத் தொட்ட ஒருவர் கையை முழுக்க நீட்டி அட்டையைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் கிட்டே கொண்டுவந்தார். அப்புறம் கீழே வைத்துவிட்டு, "தம்பி, என்னப்பா இருக்கு? நீயே சொல்லு" என்றார். பரிமாறிய பையன் புதியவன். கூட்டத்தில் அவனுக்கு வாயில் வந்தது பரோட்டா, பிரியாணி, ஆம்லெட். "சரி, ரெண்டு பரோட்டா." பக்கத்தில் இருந்த அவர் மனைவி கார்டைத் தொடவே இல்லை. மெல்ல எட்டி, அடுத்த மேசையில் இலையில் என்ன இருக்கிறது என்று பார்த்தார். "அவங்க சாப்பிடுறதே எனக்கும்" என்றார்.

எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இரவு பத்தரை மணிக்குக் கூட்டம் கலைந்தது. அடுக்களைக்குப் போனேன். பரோட்டா மாவு மிச்சமில்லை. குதிரைவாலிச் சோறு பாத்திரம் நிறைய அப்படியே இருக்கிறது. கருவாட்டுக் குழம்பு கால்வாசிகூடக் குறையவில்லை. அவன் அம்மா அடுப்புத் திட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"யாரும் கேக்கவே இல்லையே சார். நல்லா இல்லையோ?"

"சாப்பிட்டாத்தானம்மா நல்லா இருக்கா இல்லையானு தெரியும்" என்று ஏதோ சொல்லிவிட்டு வந்துவிட்டேன். காரணம் தெரிந்தும் அங்கே சொல்ல வாய் வரவில்லை.

இப்போது 1994. அறுபதுக்கு மேல் பிள்ளைகள் இருந்த வகுப்பு. பெரிய கணக்கை நடுவில் அழிக்காமல் ஒரே பலகையில் முடிக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். அதனால் பொடிப் பொடியாக எழுதுவேன். "சார் எழுத்து முத்து முத்தா இருக்கும்" என்று முன்பெஞ்சுக்காரர்கள் இப்போதும் சொல்கிறீர்கள். கடைசி பெஞ்சில் இருந்த இவன் பலகையைப் பார்க்கவே மாட்டான். பக்கத்துப் பையன் நோட்டையே எட்டி எட்டிப் பார்த்து எழுதுவான். காப்பி அடிக்கிறான் என்று முடிவு கட்டினேன். வெளியே நிற்க வைத்தேன். அடித்தும் இருக்கிறேன். இரண்டு மாதம் கழித்து மதுரையிலிருந்து கண் டாக்டர்கள் பள்ளிக்கு முகாம் போட வந்தார்கள். அவனுக்குக் கிட்டப்பார்வை. பலகையில் ஒரு எழுத்தும் அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான். நான் அவனை இரண்டாவது பெஞ்சுக்கு மாற்றினேன். அவ்வளவுதான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் காலத்தில் வாத்தியார் பையனிடம் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் ஏது? இது இப்போது நான் எனக்குச் சொல்லிக்கொள்கிற சமாதானம்.

மறுநாள் காலையில் போய் அவனிடம் சொன்னேன். "கார்டை மாத்தணும்பா. தப்பு என் மேல."

"ஆயிரம் அடிச்சாச்சே சார்" என்றான். முகம் வாடிவிட்டது. நான் பணம் தருகிறேன் என்றதும் "அதெல்லாம் வேண்டாம்" என்று கையை ஆட்டினான். கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தான். "சார், நீங்க பொடி எழுத்துக்காரர்னு எனக்கு ஒன்பதாப்புலயே தெரியுமே."

1994-இல் சொல்லியிருக்க வேண்டியதை அப்போது சொன்னேன். அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். "விடுங்க சார்" என்றான். பிறகு உள்ளே பார்த்து, "சாருக்கு ஒரு டீ" என்று சத்தம் போட்டான்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒழுங்காக வேலையில் இறங்கினோம். உங்களில் ஹோட்டல், டீக்கடை, பேக்கரி வைத்திருப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள் என்பதால் இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் அளவு. கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. வீட்டில் கிடந்த பழைய சார்ட் அட்டையை ஏ5, ஏ4, ஏ3, பிறகு அவன் ஆசைப்பட்ட 9-க்கு 14 அங்குலம் என்று நான்கு அளவில் வெட்டிக் கடைக்கு எடுத்துப் போனேன். ஒவ்வொன்றையும் மேசையில் வைத்துப் பார்த்தோம். இரண்டு பேர் மேசை இரண்டடிதான். ஏ3-ஐ விரித்தால் 42 சென்டிமீட்டர். இரண்டு பேரும் விரித்தால் தண்ணீர் டம்ளர் தரையில். 9-க்கு 14 என்பது அவன் சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலில் பார்த்துவிட்டு வந்தது. கையில் பிடிக்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. ஆனால் டிஜிட்டல் மெஷினில் அடிக்கிற தாள் 13-க்கு 19 அங்குலம். அதில் ஏ4 இரண்டு உட்காரும். 9-க்கு 14 ஒன்றுதான் உட்காரும். கார்டின் பரப்பு கூடுவது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, தாள் செலவோ இரண்டு மடங்கு. இந்தக் கணக்கை மட்டும் சரியாகப் போட்டேன் என்று அவனும் ஒத்துக்கொண்டான். ஏ4 ஒற்றை அட்டை, இரண்டு பக்கமும் அச்சு என்று முடிவு செய்தோம்.

அடுத்து எழுத்து. பெயரும் விலையும் 15 பாயிண்ட், விளக்கம் 12. தமிழுக்கு இடம் அதிகம் வேண்டும். "குதிரைவாலிச் சோறு, கருவாட்டுக் குழம்பு" என்று ஒரு வரியில் எழுதிப் பாருங்கள், தெரியும். இத்தனை பெரிய எழுத்தில் 46 அயிட்டம் அடங்கவில்லை. டிசைனர் பையன், "சார், கொஞ்சம் சின்னது பண்ணிடவா?" என்றான். "எழுத்தைக் குறைக்காதே, அயிட்டத்தைக் குறை" என்றேன். மாணவன் உட்கார்ந்து தினமும் போகாதவற்றை அடித்தான். நூடுல்ஸ் ஆறு வகை இருந்தது இரண்டானது. 33-இல் வந்து நின்றது. அடுக்களையில் அவன் அம்மாதான் முதலில் சந்தோஷப்பட்டார். அம்மா சமையல் நான்கையும் முதல் பக்கத்து உச்சியில் போட்டோம். முன்பு அவை பின்பக்கத்தின் அடியில், சூப்புக்கும் ஜூஸுக்கும் நடுவில் கிடந்தன.

நிறம் பற்றி விவாதமே இல்லை. வெள்ளையை ஒட்டிய தாள், கறுப்பு எழுத்து. கறுப்பில் வெள்ளை எழுத்து ஸ்டைலாக இருக்கும் என்றான் டிசைனர். நம் எழுத்துக்கு அது ஆகாது. சுழியும் புள்ளியும் நிறைந்த எழுத்து. நான்கு நிற மையில் ஒன்று இம்மி நகர்ந்தால் புள்ளி அடைபட்டுப் போகும். மட்டன் "மடடன" ஆகிவிடும். அதனால்தான் கறுப்பு எழுத்தையும் வெறும் கறுப்பு மையில் மட்டும் போடச் சொன்னோம், நான்கையும் கலந்த கறுப்பில் இல்லை. வாழையிலைப் படம் ஒன்று ஓரத்தில் வைத்தான். திரையில் கிளிப் பச்சை. திரை காட்டுவது ஒளி, அச்சு காட்டுவது மை. ஆர்ஜிபியில் பார்த்த அந்தப் பச்சை சிஎம்ஒய்கேயில் வராது, கொஞ்சம் வாடித்தான் வரும். முன்கூட்டியே மாற்றிப் பார்த்துவிட்டதால் ஏமாற்றம் இல்லை. படமும் வாட்ஸப்பில் வந்தது வேண்டாம், கேமராவிலிருந்து நேராகக் கொடு என்றோம். 1600 பிக்சல் அகலப் படம் 300 டிபிஐ கணக்கில் 13.5 சென்டிமீட்டர் வரைதான் தெளிவாக வரும். அதற்கு மேல் இழுத்தால் புட்டு மாதிரி உதிரும்.

வெட்டுகிற ஓரத்துக்கு வெளியே நிறத்தை 3 மில்லிமீட்டர் நீட்டி விட வேண்டும். எழுத்தை ஓரத்திலிருந்து 5 மில்லிமீட்டராவது உள்ளே வைக்க வேண்டும். கட்டிங் மெஷின் கத்தி நூல் பிடித்தாற்போலத்தான் இறங்கும் என்று சொல்ல முடியாது. அப்புறம் எழுத்துருப் பிரச்சினை. அச்சகத்துக் கம்ப்யூட்டரில் அந்தத் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் மெனு முழுக்க ஆங்கில எழுத்தும் குறியுமாக வந்து நிற்கும். அதனால் எழுத்தையெல்லாம் கர்வ் ஆக மாற்றி பிடிஎஃப் கொடுப்பார்கள். கர்வ் ஆக்கிய பிறகு அது எழுத்து இல்லை, படம். நாளைக்கு விலையை மாற்ற முடியாது. மாற்றுவதற்கு முந்தைய ஃபைலைத் தனியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை நாங்கள் வாங்கி வைக்காததால் எல்லாவற்றையும் புதிதாக டைப் அடிக்க வேண்டி வந்தது.

இந்த முறை ப்ரூஃபைப் போனில் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். என் பிரிண்டரிலேயே ஒரு தாள் எடுத்தேன். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. "ஃபிட் டு பேஜ்" என்று இருந்தால் பிரிண்டர் தானாகவே சுருக்கிவிடும். "ஆக்சுவல் சைஸ்" வைத்து எடுத்து, ஸ்கேலை வைத்து அளந்து பார்த்தேன். (அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி மகளுக்கு: உங்கள் ஊர் லெட்டர் தாள் 279 மில்லிமீட்டர் உயரம், நம் ஏ4 297. நீ அழகாக டிசைன் செய்து அனுப்பியதைப் பயன்படுத்தாததற்குக் காரணம் அதுதான் கண்ணே, கோபித்துக்கொள்ளாதே.) அந்தத் தாளை ராத்திரி கடைக்கு எடுத்துப் போய், அதே மஞ்சள் விளக்கின் கீழ், கண்ணாடி இல்லாமல் நானும், கண்ணாடியோடு அவனும், பிறகு அவன் அம்மாவும் படித்தோம். அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். விரலை வைத்து, "கம்… பு தோ… சை" என்று படித்துவிட்டு, "அட, நம்ம தோசை" என்றார்.

எண்ணிக்கை 40. மேசைக்கு இரண்டு வீதம் 24, பார்சல் கவுண்டருக்கு இரண்டு, மீதி கிழிசலுக்கும் காணாமல் போவதற்கும். ஒரு கார்டுக்குச் செலவு முன்பைவிடக் கூடுதல்தான். ஆனால் எண்ணெய் விலை ஏறினால் தூக்கிப் போட மனசு வரும். ஆயிரம் அடித்து வைத்தால் விலை மேல் ஸ்டிக்கர் ஒட்டத்தான் தோன்றும். ஆர்ட் கார்டுக்கு மேட் லேமினேஷன் போடலாம் என்று நான் சொன்னேன். ஓரம் வெட்டிய இடத்தில் தண்ணீர் புகுந்து அட்டை உப்பிவிடும், குழம்புக் கை படுகிற இடத்துக்குக் கிழியாத பிளாஸ்டிக் ஷீட்தான் சரி என்றார் அச்சகத்துக்காரர். அவர் சொன்னதே சரி. ஈரத் துணியால் துடைத்துவிடலாம், பளபளப்பும் இல்லை. மூலைகளை வளைத்து வெட்டிக் கொடுத்தார்.

புதுக் கார்டு வந்த முதல் சனிக்கிழமை எட்டரை மணிக்கெல்லாம் உளுந்தங்களி தீர்ந்துவிட்டது என்று போன் வந்தது. குதிரைவாலி இன்னும் சுமார்தான். அதற்குக் கார்டு ஒன்றும் செய்ய முடியாது. அது பழகணும்.

பழைய கார்டுகளில் தொள்ளாயிரத்துக்கும் மேல் என் வீட்டுப் பரணில் இருக்கின்றன. பேரன் சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கி விளையாடுகிறான். கடை வழியாகப் போகிறவர்கள் இறங்கிச் சாப்பிடுங்கள். இடம் தெரியாதவர்கள் எனக்குத் தனியாக மெசேஜ் போடுங்கள். ஞாயிறு மதியம் பெரும்பாலும் நான் அங்கேதான் இருப்பேன், ஜன்னல் ஓர மேசையில்.